முதுமையின் திசைமாற்றம்: கனடாவிற்குப் பெற்றோரை அழைத்தல் – ஒரு வரலாற்று நோக்கு

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. இவ்விதியின் எல்லை யாது என்பதில் உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. பெற்றோரைக் கடல் கடந்து தம்மிடம் அழைத்துக் கொள்ளுதல் என்பது இலக்கண நூலார் எண்ணிப் பார்த்த பொருளன்று. பாலைத்திணையில் நற்றாய் மனையில் இருந்து வருந்துபவள். செவிலி சுரத்திடைத் தேடிச் சென்றாலும் மீண்டு விடுபவள். பிரிவு இளையோருக்கு உரியது. இருத்தல் முதியோருக்கு உரியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரையிலான தமிழர் புலம்பெயர் வரலாறும் பெரும்பாலும் இவ்வாய்பாட்டை ஒட்டியே நடந்தது. அது மாறிய இடங்களுள் கனடா முதன்மையானது. அந்நாட்டின் குடிவரவுச் சட்டத்தில் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் கதவு திறந்த வரலாற்றையும், அது படிப்படியாகக் குறுகிய வரலாற்றையும், ஈழத்தமிழர் வாழ்வோடு அது கொண்ட தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதுமையில் ஊர் திரும்பியோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் பலர் மலாயாவிற்குச் சென்று புகைவண்டித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணிபுரிந்தனர். பெற்றோர் ஊரிலேயே இருந்தனர். மாதந்தோறும் பணம் வந்தது. பணி ஓய்வு பெற்றபின் இவர்களுள் பலர் யாழ்ப்பாணம் திரும்பி ஓய்வூதியத்தில் வாழ்ந்தனர். 'மலாயன் பென்ஷனியர்' என்ற தொடர் அங்கு ஒரு சமூக வகையையே குறித்து வழங்கியது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் மீளும் முறையும் இவ்வகையினதே. தோட்டத் தொழிலாளர் நிலை வேறு; அவர்களுக்கு மீளும் வழி பலவேளைகளில் அடைபட்டிருந்தது. அது தனியே ஆராயப்பட வேண்டியது.

ஆகவே பழைய முறையில் வெளிநாடு என்பது உழைக்கும் பருவத்திற்கு உரிய இடம். முதுமைக்கு உரிய இடம் ஊர். 1983க்குப் பின் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதன் நேர்மாற்றம். உழைக்கும் பருவம் முழுவதையும் ஊரிலே கழித்தவர்கள் முதுமையில் கடல் கடந்தனர். ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தோரின் பேரப்பிள்ளைகள் டொராண்டோவில் குடியேறினர். அப்பிள்ளைகளின் பெற்றோர் அறுபது வயதிற்கு மேல் முதன்முறையாக விமானம் ஏறினர்.

மனைவிக்கே திறவாத கதவு

கனடாவின் சட்டவரலாறு இந்தியர் திறத்தில் கடுமையான தொடக்கம் உடையது. 1908ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாடு பிறப்பித்த ஆணை, பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காத ஒரே பயணத்தில் வருவோரை மட்டுமே ஏற்கும் என்றது. இந்தியாவிலிருந்து அத்தகைய கப்பல் சேவை அப்போது நடைமுறையில் இல்லை. இந்தியர் என்ற சொல் ஆணையில் எங்கும் இல்லை. இந்தியரைத் தடுப்பதே அதன் பயன். அப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்த சுமார் 5,000 இந்தியருள் மிகப்பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து சென்ற ஆடவர்.

இவர்கள் எழுப்பிய முதற் குடும்பக் கோரிக்கை பெற்றோர் பற்றியதன்று. மனைவி மக்கள் பற்றியது. வான்கூவர் சீக்கிய சமூகத்தின் தலைவர்களான பாக் சிங், பல்வந்த் சிங் ஆகியோர் 1912ஆம் ஆண்டு தொடக்கத்தில் தம் மனைவியரையும் குழந்தைகளையும் அழைத்து வந்தபோது, கணவருக்கு இருக்கை உரிமை உண்டு, மனைவியருக்கு இல்லை என்று அதிகாரிகள் அவர்களைத் திருப்பி அனுப்ப முற்பட்டனர். நீண்ட முறையீட்டின் பின்னரே அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டனர். அதுவும் உரிமையாக அன்று; பின்வருவோர்க்கு முன்மாதிரி ஆகாத கருணைச் செயலாக. உரிமை என்று ஒப்பாமல் கருணை என்று வழங்குதல் இவ்வரலாறு முழுவதும் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் இயல்பு. 1914 மே 23 அன்று 376 பயணிகளுடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த கோமகாட்டா மாரு கப்பல் இரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டு, ஜூலை 23 அன்று திருப்பியனுப்பப்பட்டதும், பட்ஜ் பட்ஜில் அதன் பயணிகள் பலர் சுடப்பட்டு இறந்ததும் நன்கறிந்த செய்திகள்.

முதல் உலகப்போரில் இந்தியப் படையினரின் பங்கு, பேரரசு மாநாடுகளில் இந்தியாவின் குரலுக்குச் சிறிது வலிமை தந்தது. அதன் விளைவாக 1919இல் மனைவியரும் வயது வராத குழந்தைகளும் வர இசைவு கிடைத்தது. பெற்றோர் அப்போதும் கணக்கில் இல்லை. 1951இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியாவிலிருந்து ஆண்டிற்கு 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர் ஏற்கப்படுவர் என வரையறுக்கப்பட்டது. 1957இல் இந்தியாவின் எண் 300 ஆயிற்று. ஒரு தீவு முழுவதற்கும் ஆண்டிற்கு ஐம்பது என்ற அந்த எண்ணை, இன்று டொராண்டோ பெருநகர்ப் பகுதியில் வாழும் ஈழத்தமிழர் தொகையோடு வைத்து எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

1962ஆம் ஆண்டு விதிகள் நிற அடிப்படையிலான தேர்வை நீக்கின. எனினும் ஒரு வேறுபாடு எஞ்சியது. வயது வந்த உடன்பிறந்தார், மணமான மக்கள் முதலிய விரிந்த உறவினரை அழைக்கும் சலுகை ஐரோப்பிய, அமெரிக்கக் கண்டத்து வழியினருக்கே பெரிதும் ஒதுக்கப்பட்டது. தனியாளை நிறம் பாராது ஏற்க முன்வந்த அரசு, அவனைத் தொடர்ந்து வரக்கூடிய உறவினர் கூட்டத்தை எண்ணித் தயங்கியது எனலாம். 1967 அக்டோபரில் புள்ளிமுறை வந்தபோது இவ்வேறுபாடும் அகன்றது. 1976இல் நிறைவேறி 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், குடும்பங்கள் ஒன்றுசேர்தலைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாக எழுதி, 'குடும்ப வகுப்பு' என்ற தனி வகுப்பை உருவாக்கியது. பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அதனுள் இடம் பெற்றனர்.

'கூப்பிடுதல்' என்னும் சொல்

இச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுகளில் இலங்கையில் 1983 ஜூலை வன்முறை நிகழ்ந்தது. தஞ்சம் கோரிக் கனடாவை அடைந்த தமிழரின் எண்ணிக்கை பெருகியது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்பரப்பில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழர் மீட்கப்பட்ட நிகழ்ச்சி அந்நாட்டு மக்களின் கவனத்தை இவர்கள்பால் திருப்பியது. முதலில் வந்தோருள் இளைஞரே மிகுதி. நிலைத்த குடியுரிமை நிலை பெற்றதும் அவர்கள் முதலில் மனைவியரை, பின்னர் பெற்றோரை அழைத்தனர்.

ஈழத்துப் பேச்சுவழக்கில் இச்செயலைக் குறிக்க இரண்டு சொற்கள் நிலைத்தன. ஒன்று 'ஸ்பொன்சர்' என்ற கடன்சொல். மற்றது 'கூப்பிடுதல்'. 'மகன் கூப்பிட்டு அம்மா கனடா போயிட்டா' என்பது இயல்பான தொடர். அழைப்பவரின் வருமானச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்று, பல ஆண்டுக் காத்திருப்பு ஆகிய அனைத்தையும் இந்த வீட்டுச் சொல் தன்னுள் அடக்கிக்கொண்டது. அடுக்களையிலிருந்து முற்றத்தில் நிற்பவரை அழைக்கும் அதே சொல் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கும் பயன்பட்டது.

அத்தொலைவில் மிகக் கடினமான பகுதி கடலுக்கு அப்பால் இருக்கவில்லை, இலங்கைக்குள்ளேயே இருந்தது. வெளிநாட்டுத் தூதரக அலுவல்கள் கொழும்பில் நடந்தன. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தெற்கே செல்லக் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டியிருந்தது. அது தாக்குதலுக்கு உள்ளான வழி. 2002 போர்நிறுத்தத்தின்பின் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. வழி கிடைத்துக் கொழும்பை அடைந்தோர் வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பகுதிகளின் விடுதிகளில் தங்கி ஆவணங்களுக்காகக் காத்திருந்தனர். 2007 ஜூன் 7 அன்று அவ்விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் காவல்துறையினரால் பேருந்துகளில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். மறுநாள் உச்ச நீதிமன்றம் இவ்வெளியேற்றத்திற்குத் தடை விதித்தது. வெளிநாட்டுப் பயணத்திற்காகக் காத்திருப்போர் தங்குமிடங்களாகவும் இவ்விடுதிகள் இருந்தன என்பதை நினைவிற் கொண்டால், பிள்ளைகள் 'கூப்பிட்ட' முதியோருக்கு இந்நிகழ்வு உணர்த்தியது என்ன என்பது விளங்கும்.

ஆவணச் சிக்கல் மற்றொன்று. தமிழரின் பெயரிடு முறையில் தந்தை பெயர் முன்னொட்டாக வரும். தலைமுறை தோறும் மாறும். மேலை நாட்டுப் படிவம் கேட்பதோ மாறாத குடும்பப் பெயரை. மகனின் கடவுச்சீட்டில் 'குடும்பப் பெயர்' என்ற இடத்தில் இருப்பது தந்தையின் இயற்பெயர். தந்தையின் சீட்டில் அவ்விடத்தில் இருப்பது பாட்டனின் பெயர். தாயின் சீட்டில் கணவன் பெயர். ஒரே வீட்டு மூவர் மூன்று குடும்பத்தவராகத் தாளில் தோன்றினர். பிறப்புச் சான்று இருந்தால் இது தீரக்கூடிய சிக்கல். இடம்பெயர்வில் வீடும் பெட்டியும் இழந்தோர்க்கு அச்சான்றை மீண்டும் பெறுதலே ஒரு தனிப் போராட்டம். தாய், மகன் என்ற உறவுக்கு வேறு சான்று அமையாதபோது இறுதி வழியாக மரபணுச் சோதனையும் இடம் பெற்றது.

சட்டத்தின் குடும்பமும் உறவின் குடும்பமும்

குடும்ப வகுப்பின் வரையறை யாருக்கு இடம் தருகிறது என்பதைப் போலவே யாரை விடுகிறது என்பதும் நோக்கத்தக்கது. தாயும் தந்தையும் உள்ளே. அவர்களைப் பெற்றோரும் உள்ளே. பெரியம்மா, சித்தி, அத்தை, தாய்மாமன் வெளியே. தாயை இழந்த பிள்ளையை வளர்த்த பெரியம்மா சட்டத்தின் கண்ணில் தாய் அல்லள். அழைக்கத்தக்க நெருங்கிய உறவினர் ஒருவருமே எங்கும் இல்லாதவர், வேறு ஒரே ஓர் உறவினரை அழைக்கலாம் என்ற விதிவிலக்கு உண்டு. பிள்ளை குட்டிகளோடு வாழும் எவருக்கும் அது பயன்படுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, முதிய பெற்றோர் அம்மகளுடனேயே வாழ்தல் பெருவழக்கு. சீதனம் பற்றிய இவ்வழக்கங்கள் 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் இடம் பெற்றவை. தமிழகத்தில் மகன்வழி வாழ்வே பெரும்பான்மை. இம்மரபு மாறுபாடு குறித்துக் கனடியச் சட்டத்திற்குக் கவலை இல்லை. மகனோ மகளோ எவரும் அழைக்கலாம். இந்த ஒரு கூறில் அது இருவகை மரபுக்கும் இடம் தருகிறது எனலாம். சிக்கல் வேறோர் இடத்தில் உள்ளது. பெற்றோரைப் பேணும் பொறுப்பை உடன்பிறந்தார் அனைவரும் பகிர்தல் தமிழ்க் குடும்ப இயல்பு. ஒருவர் வீட்டில் தாய் இருப்பார். ஒருவர் மருந்துச் செலவு பார்ப்பார். ஒருவர் பயணச் செலவு ஏற்பார். சட்டமோ அழைப்பவரையும் அவர்தம் வாழ்க்கைத் துணையையும் தவிர எவர் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட இசைவதில்லை. நான்கு பிள்ளைகள் கூடித் தாங்கக்கூடிய சுமையை ஓர் இணையர் தனியே தாங்க முடியும் என்று காட்டியாக வேண்டும்.

கட்டணமும் குறைவன்று. 1995இல் நிலைத்த குடிவரவு உரிமைக்கென ஒவ்வொரு வயது வந்தவருக்கும் 975 டாலர் விதிக்கப்பட்டது. 2006இல் அது 490 டாலராகக் குறைந்தது. இவற்றினும் ஆழமான முரண் மருத்துவ விதியில் உள்ளது. 2002இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நலத்துறைக்கு மிகையான செலவு தருவார் என்ற காரணத்தால் ஒருவரை மறுக்கும் விதியிலிருந்து துணைவருக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு அளித்தது. பெற்றோருக்கு அளிக்கவில்லை. நலமாக நடமாடும் தாய் வரலாம்; பிறர் துணையின்றி வாழ முடியாத தாய் மறுக்கப்படலாம். பிள்ளையின் அருகிருத்தல் எவருக்கு மிகத் தேவையோ அவருக்கே கதவு இறுகியது.

உறுதிமொழிப் பத்திரம் என்பது வெறுஞ்சடங்கன்று. அழைக்கப்பட்டவர் குறிப்பிட்ட காலத்திற்குள் அரசின் சமூக உதவித்தொகை பெற்றால் அதை அழைத்தவர் திருப்பிச் செலுத்த வேண்டும். வேலை இழப்பு, மணமுறிவு முதலிய காரணங்களால் செலுத்த இயலாது போனவர்கள் தொடுத்த வழக்கில் – மாவி வழக்கு எனப்படுவது – கனடா உச்ச நீதிமன்றம் 2011 ஜூனில் தீர்ப்பளித்தது. அரசு நடைமுறை நியாயத்தைப் பின்பற்ற வேண்டும், வசூலை ஒத்திவைக்கச் சிறு அளவில் அதற்கு உரிமை உண்டு, ஆயினும் கடன் கடனே என்பது அத்தீர்ப்பின் சாரம். முதியோர் ஓய்வூதியம் பெறக் கனடாவில் குறைந்தது பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். இந்தியாவிற்கும் கனடாவிற்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு உடன்பாடு 2015 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, தகுதிக் காலத்தைக் கணக்கிடுவதில் இந்தியாவிலிருந்து செல்வோர்க்கு ஓரளவு வழி செய்தது.

இவை யாவும் வீட்டிற்குள் புதிய உறவுநிலையைத் தோற்றுவித்தன. ஊரில் காணியும் வீடும் தம் பெயரில் வைத்திருந்தவர் இங்குப் பேருந்துக் கட்டணத்திற்கும் பிள்ளையைக் கேட்க வேண்டியவர் ஆனார். மறுபுறம், கணவனும் மனைவியும் இருவேறு நேரப் பணிக்குச் செல்லும் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தமிழ் பேசி வளர்த்தவர் இந்த அம்மம்மாவும் அப்பம்மாவுமே. செலவு என்ற தலைப்பில் முதியோரை எழுதிய அரசுக் கணக்கேடுகளில் இவ்வுழைப்புக்கு வரவுப் பகுதி இல்லை. கனடாவில் பிறந்த தலைமுறையின் வாயில் தமிழ் எஞ்சியிருப்பதற்கு வாரஇறுதித் தமிழ்ப்பள்ளிகளைக் காரணம் காட்டுவோர், வாரத்தின் மற்ற ஐந்து நாள்களில் வீட்டில் இருந்தவரை மறந்துவிடுகின்றனர்.

வரிசையும் குலுக்கலும்

2011ஆம் ஆண்டளவில் முடிவுக்காகக் காத்திருந்த பெற்றோர், பாட்டன் பாட்டியர் எண்ணிக்கை 1,65,000ஐ எட்டியிருந்தது. காத்திருப்புக் காலம் ஏழாண்டுக்கு மேல். அறுபத்தெட்டு வயதில் விண்ணப்பித்தவர் முடிவு வருமுன் எழுபத்தைந்தைக் கடப்பார் என்பது இதன் பொருள். விண்ணப்பம் உயிரோடிருக்க விண்ணப்பித்தவர் மறைந்த நிகழ்வுகள் நேர்ந்திருத்தல் இயல்பே. வரிசையைக் குறைக்கும் பொருட்டு 2011 நவம்பரில் புதிய விண்ணப்பங்கள் இரண்டாண்டுக்கு நிறுத்தப்பட்டன. ஈடாக அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் 'சூப்பர் விசா' அறிமுகமாயிற்று. பத்தாண்டு வரை செல்லத்தக்க இந்நுழைவிசைவில் ஒருமுறை வந்தால் இரண்டாண்டு தங்கலாம். 2022 ஜூலை முதல் ஐந்தாண்டு. குறைந்தது 1,00,000 டாலர் அளவிற்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இவ்வழியில் பெற்றோர் வரலாம், வாழலாம், குடியாக முடியாது. மலாயா முறையின் தலைகீழ் வடிவம் எனத் தோன்றும் இது உண்மையில் விருந்தினர் முறையே. தாய் தன் மகன் வீட்டில் காலவரம்புடைய விருந்தினர் ஆகிறார்.

2014 ஜனவரியில் நிலைத்த குடிவரவு மீண்டும் திறந்தபோது ஆண்டிற்கு 5,000 விண்ணப்பம் என்ற உச்சவரம்பு வந்தது. உறுதிமொழிக் காலம் பத்தாண்டிலிருந்து இருபதாண்டாக நீண்டது. எழுபது வயதுத் தாய்க்காகக் கையெழுத்திடும் மகன் அவருடைய தொண்ணூறாம் வயது வரை பொறுப்பேற்கிறான். குறைந்த வருமான எல்லைக்கு மேல் 30 விழுக்காடு கூடுதலான வருமானத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக வரிக்கணக்கு வழியே காட்ட வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததே. குடும்ப அளவைக் கணக்கிடுகையில் வரவிருக்கும் பெற்றோரும் சேர்வர் ஆதலின், இரு குழந்தைகள் உள்ள இணையர் ஆறு பேருக்கான எல்லையைத் தாண்ட வேண்டும். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைக்கும் தஞ்சம் பெற்ற தலைமுறைக்கு இது எளிதன்று.

இடங்கள் குறைய, அவற்றை வழங்கும் முறையே பிரச்சினையாயிற்று. முந்தி வந்தோர்க்கு முதலிடம் என்றபோது விண்ணப்பக் கட்டுகளைத் தூதஞ்சலில் விரைந்து சேர்ப்பிப்பவர் வென்றனர். 2017இல் குலுக்கல் முறை வந்தது. அதன்மீது எழுந்த குறைகூறலால் 2019 ஜனவரியில் இணையவழி முதல்வருகை முறைக்கு மாறினர். 27,000 இடங்களும் சில நிமிடங்களிலேயே நிரம்பின. விசைப்பலகையில் விரைவாகத் தட்டத் தெரிந்தோர்க்கே பெற்றோர் என்ற நிலை பற்றிக் கண்டனம் எழ, மீண்டும் குலுக்கல். ஐந்நூறு ஆண்டுக் கூட்டுக்குடும்ப வரலாற்றை எழுதவிருப்போர், தாயோடு வாழும் உரிமை சீட்டெடுத்து முடிவான இக்காலத்தையும் ஓர் இயலாக எழுத வேண்டியிருக்கும்.

2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவங்கள் பெறப்பட்டன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் படிவம் அளித்தனர். அதன்பின் 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் இப்பட்டியலிலிருந்தே குலுக்கி அழைப்பு அனுப்பப்பட்டது. 2025 தொடக்கத்தில் அவ்வாண்டிற்குப் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படா என்ற அமைச்சக ஆணை வந்தது. ஜூலையில் அது தளர்ந்து 17,860 பேருக்கு அழைப்பு சென்றபோதும் அவர்கள் அனைவரும் 2020 படிவக்காரரே. அந்த மூன்று வார காலத்திற்குப்பின் கனடாவில் குடியேறியவரோ, அப்போது வருமானத் தகுதி இன்மையால் படிவம் அளியாதிருந்தவரோ, தம் பெற்றோரின் பெயரை எழுத ஒரு தாள்கூட இதுவரை பெற்றிலர். அவர்களுக்கு எஞ்சியது சூப்பர் விசா ஒன்றே. வடபுலத்து ஊர்களில் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, சீதன வீட்டின் முன்னறையில் தனித்திருக்கும் முதியோருள் ஒரு பகுதியினர் இவ்விடைவெளியில் அகப்பட்டவர்.